கஞ்சித் தொட்டியில் விழுந்த விதை ராகி

போன மாதம் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பேரன் வீட்டில் இருந்தேன். அவன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். பையன் இரண்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். அவனுடைய சிநேகிதன் ஒருவன், வேலையில் இருப்பவன், ஆறுதல் சொல்ல வந்தான். வந்தவன் ஆறுதலை விட்டுவிட்டு அரசியலில் இறங்கிவிட்டான். "வேல இல்லாதவனுக்கெல்லாம் கவர்மெண்ட் மாசாமாசம் காசு குடுத்தா, அப்புறம் எவன்டா வேல தேடுவான்? சோம்பேறி ஆயிடுவானுங்க" என்றான்.  உள்ளே அடுப்பில் வைத்திருந்த ராகிக் கூழை எல்லோரும் மறந்துவிட்டோம். அடிப்பிடித்து வாசனை வந்தது.

அந்த வாசனை வந்ததும் எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. கிழவன் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் போதும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடனே எங்கிருந்தோ போன் வந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு போன் வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்து, மறு வருஷமும் பொய்த்திருந்த காலம். ஓசூர் என்றால் அப்போது குளிரும் மாட்டுப் பண்ணையும்தான். ஆலை கிடையாது, சங்கு கிடையாது. மழை இல்லையென்றால் நிலம் வைத்திருப்பவனுக்கும் வேலை இல்லை, அவனிடம் கூலிக்குப் போகிறவனுக்கும் வேலை இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெருமையோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கும் வேலை இல்லை. அப்போதுதான் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்தது. பாகலூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. மழை பெய்தால் தொட்டியை மூடுவார்கள், என் வேலையும் போய்விடும். ஊரே கோயிலில் மழைக்கு வேண்டிக்கொண்டபோது நான் அரை மனசோடு கும்பிட்டுக்கொண்டு நின்றேன். சாமிக்கு அது தெரிந்திருக்கும்.

தொட்டி என்று பேர்தான். மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு, மேலே கல்யாண வீட்டு அண்டா, அதில் சோளக் குருணைக் கஞ்சி. வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும். நல்லவேளையாக மூன்றிலும் கஞ்சிக்கு ஏறக்குறைய ஒரே பேர்தான். களி தின்று உழைத்த ஜனங்கள் அவர்கள். கஞ்சி என்றால் காய்ச்சல்காரன் குடிப்பது என்று நினைப்பு. முதல் நாட்களில் கூலிக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். நிலம் உள்ள வீட்டுப் பெண்கள் பிறகு வந்தார்கள், சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில்.

மேற்பார்வைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வருவார். "தம்பி, ஒக்கார வச்சு ஊத்திப் பழக்கிட்டோம்னா, நாளைக்கு மழையே வந்தாலும் ஒருத்தனும் ஏர் பிடிக்க மாட்டான், பாத்துக்கிட்டே இரு" என்பார். கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் குழந்தை அழுதால் அகப்பையை என் கையிலிருந்து பிடுங்கி அவரே ஊற்றுவார். ஊற்றிவிட்டு மறுபடியும் அதே பேச்சைப் பேசுவார். அப்படிப்பட்ட மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒருநாள் தண்டோரா போட்டார்கள். வீட்டில் தானியம் வைத்திருப்பவர்களுக்குக் கஞ்சி கிடையாது என்று மூன்று பாஷையிலும் சொன்னார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டரே வீடு வீடாகச் சோதனை போடக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன். தெருவின் முதல் வீடு திம்மக்காவுடையது. அவள் புருஷன் கட்டட வேலை தேடி பெங்களூர்ப் பக்கம் போனவன், தகவலே இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். ஊருக்கு மேற்கே மானாவாரி நிலம் கொஞ்சம். வீட்டில் சாமி மூலையில் ஒரு பானை இருந்தது. வாயைச் சாணியால் மெழுகி, மஞ்சள் பூசி வைத்திருந்தாள்.

"இது என்னம்மா?"

"வெத, சாமி."

"ராகிதான? தானியம் வச்சிக்கிட்டே இல்லைன்னு சொன்னியா?"

"தானியம்னா திங்கறது சாமி. இது வெத."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விதையைத் தானியக் கணக்கில் சேர்க்கும் பழக்கமே அங்கே இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவுதான் தெரியும். திம்மக்காவுக்குக் கஞ்சி நின்றது. நாங்கள் இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் சேதி தெருக்கோடி வரை போய்விட்டது. மற்ற வீட்டுப் பானைகளெல்லாம் மாட்டுக் கொட்டகைக் குழிக்குள் இறங்கிவிட்டன. அகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் பங்கிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பங்கே அரை வயிற்றுக்குத்தான் காணும். எனக்கு மனசு கேட்கவில்லை. வழியில் பார்த்து, "அக்கா, அந்த ராகிய அரைச்சு புள்ளைங்களுக்குக் களியாச்சும் கிண்டிப் போடேன்" என்றேன். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள். "நாம வெதயத் தின்னா, நெலம் நம்மளத் தின்னுடும் தம்பி" என்றாள். அந்தப் பக்கத்து நம்பிக்கை அது. பசியில் செத்தாலும் தன் விதையைத் தன் வாயில் போடக்கூடாது.

சில நாள் கழித்து, அண்டா கொதித்துக்கொண்டிருக்கும்போது, இடுப்பில் பானையோடு வந்தாள். இன்ஸ்பெக்டரும் இருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்குள் மெழுகிய வாயை உடைத்து, அப்படியே அண்டாவுக்குள் கவிழ்த்துவிட்டாள். பூச்சி விழாமலிருக்க விதையில் சாம்பல் கலந்திருப்பார்கள். சாம்பலும் ராகியுமாகக் கஞ்சி கறுத்துப்போய்விட்டது.

"ஏய், என்னம்மா பண்ணிட்ட!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"நான் தின்னாத்தான் பாவம் சாமி. ஊருக்கே ஊத்திட்டா பாவம் இல்ல. ஊட்ல தானியம் இருந்தா கஞ்சி இல்லன்னீங்க. இப்ப ஒண்ணும் இல்ல, வந்து பாருங்க. எம் புள்ளைங்களுக்கு ஊத்துங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் கேட்டதைச் செய்துவிட்டோம், இனி சரியாகிவிடும் என்கிற நிம்மதியோடு சொன்னாள்.  அவள் பிள்ளைகளுக்கு ஊற்றினேன். கஞ்சியைக் கீழே கொட்ட யாருக்கும் மனசில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க அதைத்தான் குடித்தது. அரைக்காத ராகி பல்லில் நறநறவென்றது, சாம்பல் கசந்தது. இன்ஸ்பெக்டரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன்.

ஆனியில் மழை வந்தது. ராத்திரியெல்லாம் கொட்டியது. விடிந்ததும் வழக்கம்போல் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு ஆள் இல்லை. தூரத்தில் மாடு அதட்டுகிற சத்தம்தான் கேட்டது. ஏர் பிடிக்க மாட்டான் என்று சொல்லப்பட்ட அத்தனை பேரும் ஈர மண்ணில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது திம்மக்கா வந்தாள், இரண்டு பிள்ளைகளோடு.

"நீ வெதைக்கப் போகலையா?" என்றார்.

"எத்தயச் சாமி வெதைக்கறது?"

அவர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் கிருஷ்ணகிரிச் சந்தையில் வாங்கிய ஒரு மூட்டை ராகியோடு வந்தார். அவர் கைக்காசுதான். திம்மக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் எந்த ஊர் மண்ணோ, எந்த வருஷத்து ராகியோ, நம்பி நிலத்தில் போட மனசு வரவில்லை. அரைத்துப் பிள்ளைகளுக்குக் களி கிண்டினாள். தன் நிலத்தை விதைத்து முடிக்காமல் யாரும் விதையை வெளியே கொடுப்பதில்லை என்பது ஊர் வழக்கம். ஆகவே அவள் காத்திருந்தாள். எல்லோரும் விதைத்து முடித்த பிறகு, குழியில் பானையை ஒளித்த அதே வீடுகளிலிருந்து ஆளுக்கொரு படி மிச்சம் வந்தது. பருவம் தவறித்தான் விதைத்தாள்.

கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். என் வேலை எப்போதோ போயிருந்தது, மறுபடியும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிலம் சீராக இல்லை. ஒரு வீட்டு ராகி முற்றித் தலை சாய்ந்திருந்தது, இன்னொரு வீட்டு ராகி பச்சையாகவே நின்றது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. "ஊரே வந்து எங்க நெலத்துல நிக்கிது பாருங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க மாமியா குடுத்த ராகிதான் இல்ல தம்பி. கருஞ்சிவப்பா இருக்கும். அது வேற யார் ஊட்லயும் கெடையாது" என்றாள்.

கொடுத்தால் மனுஷன் கெட்டுப்போவானா என்று கேட்கிறார்கள். நான் பார்த்த வரையில், கொடுத்ததால் யாரும் கெடவில்லை. அந்தக் கஞ்சி இல்லையென்றால் அந்த ஊரில் மழை வந்தபோது ஏர் பிடிக்க ஆள் இருந்திருக்காது. கொடுப்பதற்கு முன்னால் "உன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது, காட்டு" என்று கேட்டார்களே, அதில்தான் கெட்டது. பேரனின் சிநேகிதனிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது காம்பவுண்டுச் சுவர் போகிறது. அவள் நிலத்தின் மேல் லாரிகள் நிற்கின்றன. பிள்ளைகள் எங்கே கட்டிக்கொண்டு போனார்களோ தெரியாது. அந்தக் கருஞ்சிவப்பு ராகியை அதற்குப் பிறகு எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை. அதைக் கடைசியாகச் சாப்பிட்டவர்கள் அன்றைக்கு வரிசையில் நின்ற நாங்கள்தான். அந்த வரிசையில் இன்னும் மிஞ்சியிருப்பது, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்.