முனியாண்டிக்கு வைத்த சாராயம்

லண்டனில் இருமல் மருந்து வாங்கினாலும் போத்தலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். அடுத்த வீட்டார் கேக் கொடுத்தால் முகர்ந்து பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். என் கணவர் குடியை விட்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலையிலிருந்து போன பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். இருவரும் மாறி மாறி வேலைக்குப் போக, பூட்டிய வீட்டில் தனியாக வளர்ந்தவர். இப்போது மாலையானால் தெருமுனைச் சேர்ச்சின் பின்னறையில் குடியை விட்டவர்கள் கூடும் மீட்டிங்குக்குப் போகிறார். அங்கே ஒவ்வொருவரும், "நான் குடிகாரன்" என்று சொல்லித்தான் பேசவே தொடங்குகிறார்கள். மற்றவர்கள் அன்போடு வணக்கம் சொல்கிறார்கள்.

"மாப்புள சேர்ச்சுக்குப் போறாராமே, வேதத்துல சேந்துட்டாரா?" என்று அம்மா டயகமவிலிருந்து போனில் பதறினார். நான் வளர்ந்த தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் குடிகாரன் என்பது சண்டையில் வீசுகிற சொல். அதனால் கணவருக்கு வயிற்றில் புண், அங்கே கொடுக்கிற மருந்தைச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவைத்தேன். அப்படிச் சொல்லலாமா என்று அவரிடம்கூடக் கேட்கவில்லை.

மகனுக்கு முடி இறக்க இந்த வருடம் டயகம வந்தோம். தோட்டத்து முனியாண்டி கோயிலில் என் அண்ணன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்தோம். படையலில் சுருட்டும் சாராயமும் இருந்தன. பூசை முடிந்ததும் அண்ணன் அந்தச் சாராயத்தைக் கிளாசில் ஊற்றி, முதல் மரியாதையாக என் கணவரிடம் நீட்டினான்.

"அண்ணே, அவருக்கு வயித்துப் புண்ணு."

"சாமிக்கு வச்சது தங்கச்சி. புண்ணெல்லாம் பறந்துரும். புடிங்க மாப்புள."

அவர் கை மெதுவாக உயர்ந்தது. வாங்கவா, தடுக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நெடி நான் நின்ற இடம்வரை வந்தது.

"புண் இல்ல மச்சான்," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "நான் குடிகாரன். அது ஒரு வியாதி. ஒண்ணு குடிச்சா நிப்பாட்ட ஏலாது."

எல்லோரும் சிரித்தார்கள். "இங்க யாருங்க குடிகாரன் இல்ல?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, சிரிப்பு இன்னும் கூடியது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்கெல்லாம் வியாதிக்காரங்களா மாப்புள?"

நீட்டிய கிளாசை அண்ணனே ஒரே மூச்சில் குடித்தான்.

கணவர் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற ரோட்டு வளைவுக்குக் கோயில் படிகளில் வேகமாக இறங்கினார். குடிக்கத் தோன்றினால் கூப்பிடுவதற்கென்று மீட்டிங்கில் அவருக்குத் துணையாக இருக்கும் ஆங்கிலேயரை அழைத்தார். சந்தனம் பூசிய மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போன நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம்தான் சாராயம் விற்கும் தவறணை. கீழேயிருந்து அவருடைய ஆங்கிலம் விட்டுவிட்டுக் கேட்டது. "மாப்புளய கூட்டியா தங்கச்சி, சோறு ஆறுது," என்று மேலேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். அவன் கையில் கிளாஸ் மறுபடி நிறைந்திருந்தது. மகன் அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரிச் சிரித்தான். நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.