லண்டனில் பின்னுக்குப் போன ஒரு மணித்தியாலம்

சுபத்திராவுக்கு மணிக்கூடு என்றால் பயம். கண்ணிவெடி அகற்றும் கந்தோரில் வேலை பார்க்கிறவளுக்கு வெடியை விட்டுவிட்டு மணிக்கூட்டில் என்ன பயம் என்று கேட்டால் நியாயம்தான். காரணத்தைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு பகிடி விட்டதில்லை.

யுத்த காலத்தில் மன்னார்ப் பெருநிலத்தில் இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கத்தின் மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடியது. இயக்கத்தின் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். சுபத்திராவுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது அவளுடைய அம்மா மங்கையற்கரசிக்கு ஒரு நாள் மூச்சு முட்டியது. அப்பா ஏரம்பு உழவு இயந்திரப் பெட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கை மணிக்கூட்டில் நாலு முப்பத்தைந்து. ஐந்து மணிக்குத்தான் பூட்டுவார்கள் என்று ஆறுதலாக இறங்கினார். பூட்டி ஐந்து நிமிடமாகிவிட்டது என்றார்கள். அம்மா சாவடிக்கு இந்தப் பக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டாள்.

அந்த இரண்டு நேரங்களும் பிறகு ஒன்றாகிவிட்டன. யுத்தம் முடிந்து, முகாமில் கிடந்தவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டார்கள். ஆனாலும் அவளுடைய ஊரான அடம்பன் பக்கத்தில் யாரிடமாவது நாலு மணி என்று சொல்லிப் பாருங்கள். "ஆற்றை நாலு மணி?" என்று, யாருடைய மணிக்கூட்டில் என்று, இன்னமும் கேட்பார்கள்.

அதனால்தான், 2011 ஆனியில் கந்தோருக்கு ஒரு இணையச் செயலியைச் செய்தபோது, சுபத்திரா அது அனுப்பும் செய்தியில் மணியே போடவில்லை. தோண்டி எடுத்த வெடிகளைக் கிழமை நாட்களில் பின்னேரம் நாலு மணிக்கு ஒன்றாக வைத்து வெடிக்கவைப்பார்கள். சரியாக மூன்று மணிக்குச் செயலி தானாக ஓடி, ஊர்ச் சனத்தின் கைபேசிகளுக்கு ஒரு செய்தி அனுப்பும்: "இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வெடி வெடிக்கும். அதற்குள் குளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்." யாருடைய மணிக்கூடு என்ற கேள்விக்கே இடமில்லை. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது. செயலி இருந்த சேவர் கணினி லண்டனில். இங்கே மூன்று மணி என்றால் அங்கே பத்தரை என்று கணக்குப் பார்த்து, நேர அட்டவணையில் பத்தரை என்று எழுதிவைத்தாள். ஐந்து மாதம் ஒரு நிமிடம் பிசகவில்லை. ஏரம்பு மணிக்கூட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "பிள்ளையின்ர மெசேஜ் வந்தா வெளிக்கிடுவன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஐப்பசி கடைசித் திங்கட்கிழமை, ஒக்டோபர் முப்பத்தொன்று, மூன்று மணிக்குச் செய்தி வரவில்லை.

மூன்று ஐந்தாகியும் சுபத்திராவின் கைபேசி சும்மா கிடந்தது. அவள் சேவரைத் திறந்து பார்த்தாள். அங்கே ஒன்பது முப்பத்தாறு. பத்து முப்பத்தாறாக இருக்கவேண்டியது. லண்டனில் மாரிக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள் என்று எங்கேயோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தரை இனி இங்கே நாலு மணி. எச்சரிக்கையும் வெடியும் ஒன்றாகப் போகும்.

அப்பா குளத்துக்கு அப்பால் காலபோக நெல் விதைப்புக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். பத்தரையை அழித்து ஒன்பதரை என்று எழுதினாள். அப்பாவுக்கு அழைத்தாள். அடித்துக்கொண்டே போனது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். செய்தி வரும், இப்போது வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கேதான் போய் ஒளிக்குமோ! ஒன்பதரை எப்போதோ கடந்துபோன நேரம். அந்த வேலை இனி நாளைக்குத்தான் ஓடும் என்று உறைக்கவே அவளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஒன்பது ஐம்பத்திரண்டு என்று மாற்றினாள். மூன்று இருபத்திரண்டுக்குக் கைபேசி கிணுங்கியது. செய்தி போய்விட்டது. கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

உடனேயே, குளத்துக்கு அப்பால் விறகு பொறுக்கப் போயிருந்த அயல்வீட்டுச் செலீனா அழைத்தாள்.

"தங்கச்சி, மெசேஜ் கண்டனான். ஒரு மணித்தியாலம் கிடக்குத்தானே? இந்தக் கட்டையும் கட்டிக்கொண்டு வாறன்."

சுபத்திராவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மணித்தியாலம் என்றால் நாலு இருபத்திரண்டு. வெடி நாலுக்கு. செய்தி போகாமல் இருந்ததை விட, இப்போது போனது பொல்லாதது.

"அக்கா, விறகைப் போட்டிட்டு இப்பவே வாங்கோ! நாலு மணிக்கு வெடி! காணுற ஆக்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்பத் திரும்பும்போதே வெளியே மழை இறங்கியது. மழை என்றால் இணைய இணைப்பு போய்விடும், அன்றும் போனது. வெடி வைக்கும் பொறுப்பாளர், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் வஸீருக்கு அழைக்கவும் வழியில்லை. வெடிக்குக் கம்பி பூட்டும் நேரத்தில் அவர்கள் கைபேசி, வானொலி எல்லாவற்றையும் நிற்பாட்டிவிடுவார்கள். சுபத்திரா ஸ்கூட்டியை எடுத்தாள். ஆறு கிலோமீட்டர் சேற்றுப் பாதை. பாதை பிரியும் இடத்தில் ஒரு பக்கம் அப்பாவின் வயலுக்குப் போகும் குளக்கட்டு, மறு பக்கம் வஸீரின் ஆட்கள் நிற்கும் இடம். அப்பாவிடம் போனால் அப்பா ஒருவர். மற்றவர்கள்? அழுதுகொண்டே வஸீரின் பக்கம் திருப்பினாள். அந்தத் திருப்பத்தை அவள் சாகும் வரை மறக்கமாட்டாள்.

"நிப்பாட்டுங்கோ நானா! வயலுக்குள்ள ஆக்கள் நிக்கினம்!"

வஸீர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தேழு.

"மெசேஜ் போகேல்லையா?"

"பிந்திப் போச்சு. நான்தான் பிழை விட்டனான். எல்லாம் என்ர பிழை."

அவர் உடனே கம்பியைக் கழற்றச் சொன்னார். நாலு மணி வந்தது, போனது. பற்றைக்குள்ளிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. நாலு ஐந்துக்குச் செலீனாவும் இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். பிறகு மாட்டோடு ஒருவர். நாலு பன்னிரண்டுக்கு மழைக்குள் மண்வெட்டியைத் தோளில் போட்டபடி, ஒரு அவசரமும் இல்லாமல் ஏரம்பு வந்தார்.

"நான் இவ்வளவு தரம் அடிக்க ஏன் அப்பா எடுக்கேல்லை?" சுபத்திரா கத்தினாள்.

"கையெல்லாம் சேறு பிள்ளை. மெசேஜ் சத்தம் கேட்டுத்தான் கழுவிப்போட்டுப் பார்த்தனான்." அவர் பொலித்தீன் பையைப் பிரித்துக் கைபேசியை அவளுக்குக் காட்டினார். "இஞ்ச பார், மூண்டு இருவத்திரண்டு. இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. இந்த முறை நான் பிந்தேல்லை."

சுபத்திரா சேற்றிலேயே குந்தி அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். ஏன் அழுகிறாள் என்று ஏரம்புவுக்கு விளங்கவில்லை. வஸீர் சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை ஆட்டித் தடுத்து, தன் பிழையைத் தானே சொன்னாள்.