நூலின் மறுமுனை

எனக்குத் திக்குவாய். தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப்போலவே திக்கிக் காட்டிச் சிரிக்க, நான் பேச்சையே விட்டுவிட்டேன். ஆஜர் கூப்பிட்டால்கூடக் கைதான் தூக்குவேன். உடன்குடியிலிருந்து அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்: இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் வாசிக்காவிட்டால் மேல்வகுப்பு கிடையாது, கருப்பட்டிக் கடைக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எனக்கோ படிக்க வேண்டும். திருச்செந்தூர் முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டேன். முடியைக் கொடுத்துவிடலாம், வாய் திறக்க வேண்டுமே.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் சூசை. அவன் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். சூசையும் என்னைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஒருநாள் நான் சுவரைப் பார்த்துத் தனியாக வாசித்துப் பழகியதைக் கண்டுவிட்டான். அன்று சிரிக்கவில்லை.

"ஏலே, மூச்செடுக்காமலே முங்குனா எப்படிச் சங்கு வரும்?" என்றான்.

மறுநாள் வலைநூல் கொண்டுவந்து ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினான், மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டான்.

"சொல்லு நின்னுட்டுன்னா நான் இழுப்பேன். வாயை மூடு, மூச்செடு, பொறவு எறங்கு. இன்னையிலேர்ந்து நான்தாம்லே ஒனக்கு மச்சான்."

எனக்குச் சுருக்கென்றது. "ஒ... ஒங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் எ... என்னலே சம்பந்தம்?"

"நல்லாத்தான் பேசுதியே, மச்சான்!"

தினமும் இடைவேளையில் பழகினோம். சூசை பக்கத்தில் இருந்ததால் பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டொருவர் உட்கார்ந்து கேட்கவும் தொடங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். எழுந்தேன். முதல் சொல்லே நின்றுவிட்டது. பின்னால் எவனோ சிரித்தான். வாத்தியார் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். எப்போதும் உட்கார்ந்துவிடுவேன். அன்று உட்காரவில்லை. முருகா என்றேன் மனதுக்குள். பெஞ்சுக்கு அடியில் நூல் இழுபட்டது. வாயை மூடினேன், மூச்செடுத்தேன், இறங்கினேன். மறுபடி நின்றது, மறுபடி இழுத்தான். பக்கத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சூசையின் விரலில் நூல் அறுத்து ரத்தம் கோடிட்டிருந்தது. அந்தக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, "சங்கு வந்துட்டு மச்சான்," என்றான்.

"மச்சான்னு கூப்பிடாதலே," என்றேன். திக்கவே இல்லை.

சங்கு குளிக்கிறவன் தன்னை மேலே இழுக்கும் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டான், மனைவியுடன் பிறந்தவன் கையில்தான் கொடுப்பான் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. தங்கச்சியின் தாலியே அந்த நுனியில் இருப்பதால், மச்சான் கண்ணை அப்படி இப்படித் திருப்பமாட்டானாம்.

அன்று நான் நூலை அவிழ்த்து அவனிடம் கொடுத்துவிட்டு, உதவியது முருகன் ஒருவன்தான் என்று மொட்டை போடப் போய்விட்டேன். முருகன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.