நொதியத்தின் கதிரையில் ஒரு மாத்திரை

டொக்டர் ஓர் இறப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, என் இடது கண்ணின் மேல் வைத்தார். "மூடிக்கொண்டிருங்கோ தங்கச்சி. எரிஞ்சா சொல்லுங்கோ." யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் நரம்பு நோய்களைப் பார்க்கும் பெண் மருத்துவர்.

சில நிமிடங்களில் கையுறையை எடுத்தார். "இப்ப திறவுங்கோ."

திறந்தேன். வாரக்கணக்கில் பாதிக் கண்ணை மறைத்துத் தொங்கிக்கொண்டிருந்த இமை மேலே போயிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா, "ஐயோ, முழிச்சிருச்சு!" என்று கத்திவிட்டார்.

எனக்கு ஓடிய நினைப்பு வேறு. நான் கம்பஸில் உயிரிரசாயனம் படிக்கிறவள். ஆய்வுகூடத்தில் புரதம் எதையும் ஐஸில்தான் வைப்போம். குளிரில் நொதியம் (கலங்களில் நடக்கும் வேதி வேலைகளை விரைவாக்கும் புரதம்) மெதுவாகிவிடும். அப்படியென்றால் என் இமைக்குள்ளும் ஏதோ ஒன்று மெதுவாகியிருக்கிறது!

"எந்த நொதியம் டொக்டர்?"

அவர் சிரித்தார். "ஆக்கள் கண் சுகம் வருமோ எண்டுதான் கேப்பினம். நீங்கள் நொதியத்தைக் கேக்கிறீங்கள்."

அந்தக் கதிரையை விட்டு எழும்பும் முன்பே என் இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது.

நோயின் தொடக்கம், வீட்டுக்குப் போகும் வத்தேகம பஸ்ஸில். பின்னேரங்களில் ஒரு பஸ் இரண்டாகத் தெரிந்தது. "எதுல ஏறப்போற, ரெண்டுலயுமா?" என்று தோழி கேலி செய்தாள். பிறகு ரொட்டி. முதல் பாதியைச் சாதாரணமாக மெல்லுவேன். இரண்டாவது பாதியில் தாடை வேலைநிறுத்தம் செய்யும். போட்டோவில் சிரித்தால் யாரையோ முறைப்பதுபோல விழுந்தது. காலையில் இதெல்லாம் இருக்காது. அதனால் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. உங்களுக்கும் காலையில் சுகமாகவும் மாலையில் சோர்வாகவும் இருந்தால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துப்போகும் நோய்). நரம்பு தசைக்கு ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. தசையின் மேல் அதைப் பிடிக்கும் வாங்கிகள் (செய்தியைப் பெறும் புரதங்கள்) இருக்கின்றன. என் உடல், அந்த வாங்கிகளையே எதிரி என்று நினைத்துப் பிறபொருளெதிரிகளை (கிருமியைத் தாக்க உடல் செய்யும் புரதங்கள்) அனுப்பிவிட்டது. புரதத்தின் மேல் புரதம். என் குருதியைக் கொழும்புக்கு அனுப்பி, அந்தப் பிறபொருளெதிரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இருந்தன.

இதில் இன்னொரு புரதமும் உண்டு. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துத் துப்புரவாக்கும் நொதியம். நான் கேட்ட நொதியம் அதுதான். குளிர் அதை மெதுவாக்குகிறது, செய்தி கூடுதல் நேரம் நிற்கிறது, மிச்சமிருக்கும் வாங்கிகளில் படுகிறது, இமை எழும்புகிறது. எனக்குத் தந்த பிரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே நொதியத்தைத்தான் தடுக்கிறது.

மாத்திரை வேலை செய்தது. ஒரு முழு ரொட்டி தின்றேன். அந்த உற்சாகத்தில் வீட்டில் வகுப்பு எடுத்தேன்.

என் அப்பா மரக்கறித் தோட்டம் செய்கிறவர். அவருக்குப் புரியட்டும் என்று, "நீங்க அடிக்கிற பூச்சி மருந்து இருக்கில்ல? அதுவும் இதே நொதியத்தைத்தான் புடிக்குது" என்றேன்.

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நீ திங்கிறது அதுதானா?"

"அதோட சின்னத் தங்கச்சி மாதிரி."

நான் மட்டுந்தான் சிரித்தேன். ஒருமுறை முகத்தை மூடாமல் மருந்தடித்த அப்பாவை, வாயில் நீர் வடிய, உடம்பெல்லாம் துடிக்க, வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் அப்போது விடுதியில் இருந்தேன். அம்மா வேனில் இருந்தார்.

அதன் பிறகு நான் மோசமாகிக்கொண்டே போனேன். தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. ஐந்து நிமிடம் பேசினால் குரல் மூக்குக்குள் போய் மறைந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை விழுங்கக் கஷ்டமாக இருந்ததால், டொக்டர் சொன்னபடி, தொடக்கத்திலிருந்தே அம்மா மாத்திரையைப் பொடியாக்கி வாழைப்பழத்தில் பிசைந்து தருவார். நேரம் தவறாமல் தின்றேன். நோய் மாத்திரையையும் தாண்டிப்போகிறது என்று நினைத்தேன்.

டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். "வார்ட்டில சேருங்கோ. குருதித் திரவத்தை மாத்த வேண்டி வரும் (பிறபொருளெதிரிகளை வடித்தெடுக்கும் சிகிச்சை). இந்த வருசம் படிப்பை நிப்பாட்டி வைக்கிறதுதான் நல்லம்."

ஆய்வு முடிந்திருக்கவில்லை. அதைத் துறையில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும், பேசினால்தான் பட்டம். ஐந்து நிமிடக் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது?

அப்போது அம்மா சொன்னார்: "டொக்டர், நான் பாதிதான் குடுத்தேன்."

"என்ன பாதி?"

"மாத்திரையில பாதி. மீதிய அடுப்புல போட்டுட்டேன். இவ அப்பா துடிச்சத நான் பார்த்தவ. வெசத்த எம்புள்ளைக்கு முழுசா எப்படி ஊட்டுறது? கொஞ்சமாக் குடுத்தா கொஞ்சமாத்தானே கெடுதி பண்ணும்னு..."

எனக்கு ஆத்திரம் வந்தது. கத்தவும் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. டொக்டர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"அம்மா, நீங்கள் பயந்ததில பிழையில்லை. இது கூடினாலும் ஆபத்துத்தான். அதுக்குத்தான் அளவு வைச்சிருக்கிறம். ஆனா குறைஞ்சா பிள்ளைக்கு மூச்சு விடவும் பெலன் வராது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கட வகுப்பில பாதியை விட்டிட்டீங்கள் போல."

அது சரிதான். எதைத் தடுக்கிறது என்று சொன்னேன். எவ்வளவு நேரம் தடுக்கிறது என்று சொல்லவில்லை. வீட்டில் நோயை விளக்கும்போது நீங்கள் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வார்ட்டில் சேர்த்து, கண்காணிப்பில் முழு அளவு கொடுத்துப் பார்த்தார்கள். குருதித் திரவத்தை மாற்ற வேண்டி வரவில்லை. வீடு திரும்பிய கையோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

அங்கே நொதியத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்கிற வேலையைத்தான் பார்க்கலாம். அது உடைக்கும்போது மஞ்சள் நிறம் வருமாறு ஒரு கரைசலைச் சேர்ப்போம். மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறதென்று நிறமானியில் (ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் கருவி) பார்ப்போம். ஒரு குழாயில் என் மாத்திரை. இன்னொன்றில் பூச்சி மருந்து. இரண்டிலும் மஞ்சள் ஏறவே இல்லை. பிறகு அந்த மருந்துகள் இரண்டையும் வடித்துக் கழுவி அகற்றி, நொதியத்தை மட்டும் தனியே விட்டு வைத்தேன். சில மணித்தியாலம் கழித்துக் கரைசலைச் சேர்த்தபோது மாத்திரைக் குழாயில் மஞ்சள் திரும்பியது. மற்றது வெளிறியே கிடந்தது.

போனில் படம் பிடித்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

"மஞ்சள் யாரு?"

"நான். மாத்திரை வந்து நொதியத்தோட கதிரையில உக்காரும். வேலை முடிஞ்சா எழும்பிப் போயிரும்."

"இந்த வெள்ளை?"

"அப்பா. அது ஆணியடிச்ச மாதிரி உக்காந்திரும். உடம்பு புதுக் கதிரை செஞ்சாத்தான் உண்டு."

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "எழும்புறது எத்தனை மணிக்கு?"

"ஒரு நாலு மணித்தியாலத்துல."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, பெரிய படிப்பாளி!"

இப்போது மாத்திரை முழுதாக வருகிறது, நேரத்துக்கு. நானே விழுங்குகிறேன். நோய் போகவில்லை. தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி) அகற்றும் சத்திர சிகிச்சை பற்றி டொக்டர் பேசுகிறார். பரீட்சை முடிந்ததும் அதையும் பார்ப்போம்.

முன்பு மாத்திரை நேரம் மணிக்கூட்டில் இருந்தது. இப்போது நாக்கிலேயே இருக்கிறது. ஒரு சொல் வழுக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும், கதிரை காலியாகிறது என்று. அப்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறேன். காத்திருந்தால் தசைக்குக் கொஞ்சம் பலம் மீள்கிறது. எதையும் ஒரே மூச்சில் செய்து பழகிய எனக்கு, இந்தக் காத்திருத்தலைக் கற்பதுதான் மாத்திரையை விழுங்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

வரும் கிழமை என் பேச்சு. காலையில், மாத்திரை உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறேன். எல்லோருக்கும் இருபது நிமிடம். எனக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாது. முதல் வரியாக இதைச் சொல்லப்போகிறேன்: இடையில் நான் நிறுத்துவேன்; முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிடாதீர்கள்.