பலகைக்குள் அடங்கிய கெண்டை

மீனைப் பிடிக்காமலும் விற்காமலும், மீனால் மாதச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று உண்டு. அதைத்தான் நான் செய்கிறேன். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய், நாய் குரைக்க வாசலிலேயே நின்று கேள்வி கேட்ட அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

வேலை இதுதான். மோகனூர்க் காவிரியில் இப்போது பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தால் மீனும் தாங்குமா, பிடிக்கிற குடும்பமும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மீனின் நீளம், இனம், சினை எல்லாம் ஆற்றின் பக்கம். விலை, செலவு, வருமானம் எல்லாம் வீட்டின் பக்கம். ஒவ்வொன்றுக்கும் சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு போடுவேன். மொத்தத்தில் சிவப்பு வந்தால் ஆடியிலும் ஆவணியிலும் வலை போடத் தடை வரும். தடைக்கு நிவாரணம் வரலாம், வராமலும் போகலாம். ஆகவே ஆற்றங்கரையில் என்னை எல்லோருக்கும் தெரியும். பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை.

அளவு

ராசண்ணன் பரிசலில் போய்ப் பிடித்து வருவதை அவர் மனைவி பழனியம்மாக்கா சாலையோரம் வைத்து விற்பார். அரிவாள்மனைக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு மீனையும் என் அளவுப் பலகையில் கிடத்தி நீளம் எழுதிக்கொள்வேன். நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில் பெரிய கெண்டைகளுக்குப் பலகை போதாது. வால் வெளியே தொங்கும். மிச்சத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளப்பேன். அதுவரை வாங்க வந்தவர்கள் பையை விரித்தபடி நிற்க வேண்டும்.

ஒருநாள் திருச்செங்கோட்டு ரிக் லாரி முதலாளி ஒருவர் காரை நிறுத்திவிட்டு வந்து, நான் அளப்பதை வெகுநேரம் பார்த்தார். போர் போடுகிறவர், அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் பழகியவர். அக்காவிடம் குனிந்து, "ஏனுங்க, உங்க கடையில மீனு கிலோக் கணக்குங்களா, அடிக் கணக்குங்களா?" என்றார்.

வருமானம்

ஆற்றைக்கூட அளந்துவிடலாம், ராசண்ணனின் வருமானத்தை அளக்க முடியாது. ஒரு வாரம் போனேன். மீனே விழவில்லை, வலையில் பாசிதான் வந்தது என்று கண் கலங்கினார். நிவாரணத்துக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று அன்று காலையில் டீக்கடையில் பேச்சு. அடுத்த வாரம் போனபோது, மீனை வைக்கப் பரிசலில் இடமே இல்லை என்றார். மீன் குறைந்தால் தடை போட்டுவிடுவார்கள் என்று அன்றைக்குப் பேச்சு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எது நிஜம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நிவாரணமா தடையான்னு மொதல்ல நீங்க சொல்லுங்க சாமி, அப்புறம் மீனு எத்தனைன்னு நான் சொல்றேன்."

புரட்டாசி

எங்கள் அதிகாரி கடற்கரைப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர். மாதாமாதம் எவ்வளவு மீன் பிடித்தார்கள் என்று நான் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் போன் செய்தார். ஆவணி வரை மேலே நின்ற கோடு புரட்டாசியில் தரைக்கு வந்துவிட்டதாம். ஆற்றில் ஏதாவது கலந்துவிட்டதா என்றார். நான் விளக்கத் தொடங்குவதற்குள் தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு ஜீப்பில் கிளம்பிவிட்டார்.

வந்து பார்த்தால் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ராசண்ணன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். "மீன் வளம் எப்போதிலிருந்து சரிந்தது?" என்று அதிகாரி உருக்கமாகக் கேட்டார். "மீனெல்லாம் ஆத்துல சௌக்கியமா இருக்குதுங்க. திங்கறவங்கதானுங்க விரதத்துல இருக்காங்க."

சினை

ஆடியில் புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டை சினையோடு வலையில் விழும். ஆற்றுக்கு வருகிற கூட்டம் சினை மீனையே கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கும். முட்டையிட வேண்டிய மீன் குழம்புக்குப் போகிறது. ஆகவே ஆற்றின் பக்கம் சிவப்பு. அதே மீனுக்குத்தான் நல்ல விலை. ஆகவே வீட்டின் பக்கம் பச்சை. ஒரே கெண்டையை வைத்துக்கொண்டு இரண்டு நிறத்தையும் நான்தான் எழுத வேண்டும்.

அக்கா எட்டிப் பார்த்தார். எந்த நிறம் எதற்கு என்று சொன்னேன். மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அந்தப் பச்சையக் கொஞ்சம் பெருசா எழுதுங்க சாமி, ரெண்டு மாசம் எங்கூட்டு அடுப்பு எரியோணும்" என்றார்.

மஞ்சள்

மேலே இருப்பவர்கள் சிவப்பையும் பச்சையையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். மஞ்சள் வந்தது. மஞ்சளுக்கு, 'தொடர்ந்து கவனிக்கவும்' என்று பொருள். தடையும் கிடையாது, நிவாரணமும் கிடையாது; அடுத்த ஆண்டும் நான் வருவேன், அவ்வளவுதான்.

தடை இல்லை என்றதும் அக்காவின் முகம் தெளிந்தது. அந்த அடுப்பில் வைத்த டீயைக் குடித்தவன் என்பதால் எனக்கும் நிம்மதிதான். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய கெண்டையை எடுத்து, நான் கேட்காமலேயே அக்கா என் பலகையில் கிடத்தினார். தலையும் வாலும் உள்ளே அடங்கி, அதற்கு மேலும் கை வைக்க இடம் இருந்தது.

அப்புறம் அக்கா சொன்னார்: "நீங்க வந்த மொத வருசம் வாலு வெளிய தொங்குச்சு. இப்ப காலை நீட்டிப் படுக்குது. அடுத்த வருசம் எதுக்கு சாமி இத்தாம் பெரிய பலகை, பாதியா அறுத்துக் கொண்டாந்துருங்க."

அறுக்க எனக்கு அதிகாரம் இல்லாததால், மோகனூர்க் காவிரியில் வருடா வருடம் நீளம் குறையாமல் இருப்பது என் பலகை ஒன்றுதான் என்று பச்சை மையில் சான்று கொடுக்கிறேன்.