கடல் தாண்டி வந்த புழுதி

குவைத்தில் சில வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறேன். விடிகாலையில் ஏறுவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். முன்சீட்டில் என் பக்கத்தில் எப்போதும் ஒரே அக்காதான் உட்காருவார். புருஷன் இல்லை. ஒரே மகன் குவைத்தில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். அவனைப் பற்றிப் பேச அவருக்கு நான் வாய்த்தேன், அந்த ஊரின் வெயிலும் ரொட்டியும் எனக்குத் தெரியும் என்பதால்.

வைகாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் ஏறி உட்கார்ந்தார். ஒரு கை கழுத்து ஜெபமாலையைப் பிடித்திருந்தது. மலையடியில் லோயர்கேம்ப் ஊரைத் தாண்டியதும் கேட்டார்.

"டிவியில காட்டுனாகளே தம்பி, குவைத்துல புழுதிக்காத்து, ஊரே செவப்பா... அதுக்குள்ள மூச்சு விட முடியுமா?"

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள படுத்துருவோம்க்கா. கதவுக்கு அடியில ஈரத்துண்டச் சொருகிருவோம். ரெண்டு நாள்ல வடிஞ்சுரும்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் நட்ட நடுப்பகலில் எதிரே நிற்கிற லாரி தெரியாமல் போவதையும், சோறு பல்லில் நறநறப்பதையும் நான் சொல்லவில்லை.

"சின்னதுலயே அவனுக்கு வீசிங் உண்டு. ஞாயித்துக்கெழம நான் பூசை முடிஞ்சு வந்ததும் போன் பண்ணிருவான். நேத்துப் பண்ணல. நான் பண்ணாலும் எடுக்கல."

"தூசியில டவர் கெடைக்காது ஆத்தா" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார்.

அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, குவைத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த கேரளக்காரர் ஒருவருக்குப் போன் செய்து, பையனின் கம்பெனியில் விசாரிக்கச் சொன்னேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். மத்தியானம் திரும்பக் கூப்பிட்டார். பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். சாரத்தின் மேல் நிற்கும்போதே புழுதி வந்து மூடியிருக்கிறது. இறங்குவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்களாம், இப்போது எழுந்து உட்காருகிறானாம். அவன் போன் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் அறையிலேயே கிடந்ததாம். கொஞ்ச நேரத்தில் தானே போய்ப் பார்ப்பதாகவும், அம்மாவைப் பயப்பட வேண்டாமென்று சொல்லும்படியும் சொன்னார்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அன்றைப் பொழுதைக் கழித்தேன். சாயங்காலம் மற்றவர்கள் ஏறுவதற்கு முன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கையிலிருந்த தூக்குவாளி நழுவிச் சரிவில் உருண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அந்தக் கேரள நண்பருக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். மகனின் முகம் வந்தது.

"ஏலே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"சட்டையத் தூக்கு. நெஞ்சக் காட்டு."

அவன் தூக்கிக் காட்டினான். விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை பள்ளத்தாக்கே மங்கிக் கிடந்தது. மேற்கே மலை இருந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. அரபு நாட்டுப் புழுதி கடல் தாண்டி வந்திருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். ஜீப் பானெட்டில் மாவு போலப் பழுப்பாகப் படிந்திருந்தது. தொட்டுத் தேய்த்தபோது எனக்குப் பழைய வாசனை அடித்தது. மனசு அப்படி நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அக்காவும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அங்கனருந்தா வந்துச்சு?"

"அப்படித்தான் சொல்றாக."

"இம்புட்டூண்டுக்கே கண்ணு எரியுது. எம்புள்ள அதுக்குள்ளயே நின்னுருக்கான்." முந்தானையால் பானெட் முழுவதையும் துடைத்தார். நான் தடுக்கவில்லை. துடைத்து முடித்துவிட்டு, "அவன வரச் சொல்லு தம்பி. நாஞ் சொன்னா கேக்க மாட்டான். அங்கன இருந்தவன் நீ, நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். கம்பெனியில் விடமாட்டார்கள் என்று முதலில் மறுத்தான். அந்த வேலை இனி ஆகாது என்று டாக்டரே சொன்ன பிறகுதான் இறங்கி வந்தான். ஐப்பசியில் அக்காவை மதுரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். பையன் பாதியாக இளைத்திருந்தான். பின்சீட்டில் அம்மா மடியில் தலை வைத்ததுமே தூங்கிப்போனான். உசிலம்பட்டியில் நல்ல நெரிசல். ஹாரனில் கை வைத்தேன்.

"அடிக்காத தம்பி. பய தூங்குறான்."

கூடலூர் வரைக்கும் ஹாரன் அடிக்காமலே ஓட்டினேன். முந்திப் போன பஸ்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள்.