பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை போலகத்திலிருந்து சித்தி போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நேராக விஷயம்.

"பீரோவுக்குப் பின்னாடி இருக்குற அழுக்க இப்பவாச்சும் தொடச்சுடட்டுமா?"

"வேணாம் சித்தி. இன்னும் பதில் வரலை."

"பொங்கலே போயிடுச்சுடி" என்றார். வைத்துவிட்டார்.

மூன்று மாதமாக வாராவாரம் இதே பேச்சு. சொந்த வீட்டுச் சுவரைத் துடைக்க ஒருவர் ஏன் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும்? சொல்கிறேன்... கொஞ்சம் அசதியோடுதான்.

காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — புதிதாக எதையாவது படித்துவிட்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு வருடங்களுக்கு முன் அது வீட்டுக்கான வெள்ள இன்ஷூரன்ஸ். ஆற்றின் கடைசியில் இருக்கிறவர்கள் நாங்கள். மேற்கே எங்கே மழை கொட்டினாலும் அந்தத் தண்ணீர் எங்கள் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் வாங்கிக்கொள்ளாவிட்டால்? வீட்டுக்குள் வந்து உட்காரும்.

இன்ஷூரன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர் சித்தி ஒருவர்தான். அதுவும் நம்பிக்கையில் அல்ல. புள்ள இவ்வளவு தூரம் வந்து கேக்குதே, அதற்காக.

போன கார்த்திகையில் தண்ணீர் வந்தது. சித்தி வீட்டில் இடுப்பளவு. தையல் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு, சித்தியும் சித்தப்பாவும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், பின் அறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்து கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த அறையில் உட்கார்ந்துதான் சித்தி ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். சுவரை இடித்துக் கட்டாமல் இனி அங்கே உட்கார முடியாது. கட்டுவதற்கு அந்த இன்ஷூரன்ஸை விட்டால் வேறு வழியும் இல்லை.

எனக்கு உள்ளூர ஒரு பரபரப்பு. திட்டாதீர்கள்... நான் சொன்னது பலிக்கப்போகிறதே! அன்றே கம்பெனிக்குப் போன் செய்து க்ளெய்மைப் பதிந்துவிட்டேன். ஆனால் ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை. சித்தப்பாவிடம் போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒன்றே ஒன்று வந்தது. சித்தியும் சித்தப்பாவும் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, விறைப்பாக நிற்கிறார்கள். பின்னால் விரிசல் தெரியாமல் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஆபீஸர் வருகிறார் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை பஸ் ஓடியது. போய் இறங்கினால் — வாசலில் கோலம். உள்ளே ப்ளீச்சிங் பவுடர் வாசனை. சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. விரிசலைச் சித்தப்பா சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார். நனைந்த மெத்தை, ஊறிப்போன அரிசி எல்லாம் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. செத்துப்போன ஃப்ரிட்ஜ் பளபளவென்று துடைக்கப்பட்டு, பூப்போட்ட உறையோடு நின்றது. ஐந்து நாள் உழைப்பு. சித்தியின் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பில் வெந்திருந்தது.

"ஏன் சித்தி இப்படிப் பண்ணீங்க?"

"ஆபீஸர் வர்றாருன்னு நீதானடி சொன்ன? வர்றவர சேத்துக்குள்ளயா உக்கார வைக்கிறது?"

ஹவுஸ் ஓனர் படியேறும் சத்தம் கேட்டால் துணிமணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறவள்தான் நானும். வெளியாள் வந்தால் நல்லதை மட்டும் காட்டித்தான் நமக்குப் பழக்கம். பட்ட கஷ்டத்தைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து காட்ட வேண்டிய விருந்தாளியும் ஒருவர் உண்டு என்று நமக்கு யார் சொன்னார்கள்? பாலிசியைக் கடைசிப் பக்கம்வரை படித்த நானே சொல்லவில்லையே.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். என் வயதுதான் இருக்கும். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். நஷ்டம் எப்படி என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"பரவால்லங்க... ஒரு மாதிரி சமாளிச்சுட்டோம்" என்றார் சித்தப்பா.

நான் பின்னால் நின்று ஜாடை காட்டினேன். காபி கேட்கிறேன் என்று நினைத்து அவர் சித்தியைக் கூப்பிட்டார்.

சர்வேயர் காபியைக் குடித்து முடித்தார். சுவரை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு வாரமா பாக்குற வீடெல்லாம் இப்படித்தாங்க இருக்கு. நான் என்னன்னு எழுதுறது? கம்பெனிக்குச் சேறு வேணும்."

பிறகு கூடத்து இரும்புப் பீரோவைக் காட்டி, இதை நகர்த்தினீர்களா என்று கேட்டார். சேற்றில் இறுகிப்போய் நகரவில்லை என்றார் சித்தப்பா. மூன்று பேருமாகப் பிடித்து இழுத்தோம்.

இருந்தது. சுண்ணாம்பு எட்டாத சுவரில், இடுப்பு உயரத்தில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு சேற்றுக் கோடு.

சர்வேயர் செல்போனை எடுத்தார். அதற்குள் சித்தி ஈரத்துணியோடு ஓடிவந்தார்.

"அதப் போயி எடுக்காதீங்க தம்பி... ஒரு நிமிஷம், தொடச்சுடுறேன்."

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்றபோதுகூட அழாதவர்... அந்தப் போட்டோவுக்குக் கண் கலங்கினார்.

மேலே அனுப்புகிறேன், இன்னொருவர் வந்து பார்க்கலாம், அதுவரை கோட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் சர்வேயர்.

இன்னொருவர் இன்றுவரை வரவில்லை. போன் செய்தால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். சித்தப்பா பூசிய சிமென்ட்டையும் பிளந்துகொண்டு விரிசல் வெளியே வந்துவிட்டது. பின் அறையைப் பூட்டிவிட்டார்கள். மெஷின் இப்போது கூடத்தில், பீரோவை ஒட்டி. வெளிச்சம் போதாமல், தைக்க வரும் ஜாக்கெட்டில் பாதியைச் சித்தி வாங்காமலே திருப்பி அனுப்புகிறார். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தார்கள் — பீரோவுக்குப் பின்னால் தவிர. க்ளெய்ம் வந்ததா என்று சித்தி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த அழுக்கைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்.

நான் இப்போது யாரிடமும் இன்ஷூரன்ஸ் பேசுவதில்லை. கம்பெனிக்கு மட்டும் விடாமல் போன் செய்கிறேன்.

ஐப்பசிக்குள் பதில் வராவிட்டாலும் பரவால்லங்க... அந்தக் கோட்டைத் தண்ணீரே வந்து துடைத்துவிடும்.